சுக்கான்

மூணாறு தலைப்பில் எனக்கு லஸ்கர் உத்தியோகம்.
ஷட்டரை ஓர் அடி தூக்க
கைப்பிடியை அறுபத்து நாலு சுற்று சுற்ற வேண்டும்.
படகுக்கு ஒன்பதே சுற்று.
பத்தாவதில் வில் அறுந்துவிடும் என்று
காது சொல்லும்.

மெழுகுத்திரி ஏற்றினால் படபடவென்று போகுமே,
திருவிழாக் கடைத் தகரம்,
அது வேறு. அதை நான் சேர்ப்பதில்லை.
என்னுடையவை சாவி கொடுத்தால் ஓடுபவை.
பித்தளை விசிறி, புகைக்கூண்டு,
சிலதில் பொட்டளவு மாலுமி, முகம் உரிந்து.
பதினாலு இருக்கின்றன
பிஸ்கட் டின்களில்,
ஈரம் குடிக்க ஆளுக்கொரு சாக்பீஸோடு.

"ஆத்துல சம்பளம் வாங்குற ஆளு,
ஒண்ணயாவது தண்ணில விட்டுருக்கியளா?"
என்பாள் செங்கமலம்.
தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?
இரும்புக் கதவையே தின்கிறது.

முதல் படகு தானாக வந்தது.
ஐப்பசி வெள்ளம். ஷட்டர் வாயில் அடைத்த
ஆகாயத்தாமரையை அலக்கால் இழுத்தபோது
ஒற்றைச் செருப்பு, சாமி மாலை, தெர்மோகோல்,
நடுவில் இது.
வயிறு நிறைய வண்டல்.
பச்சைப் பெயின்ட் ஒரு பக்கம் மட்டும்.
சாவி இல்லை.
தையல் மெஷின் எண்ணெயில்
ஏழு நாள் ஊறப்போட்டேன்.
அதிலிருந்து பிடித்தது இந்தக் கிறுக்கு.

மற்றவை விலைக்கு.
மன்னார்குடி காயலான் கடையில் எடைக்கு ஒன்று,
நாகூரில் ஜப்பான் முத்திரையோடு இரண்டு,
காரைக்காலில் பிரெஞ்சு எழுத்துப் போட்டது
அரை மாசச் சம்பளம்.
வீட்டில் முந்நூறு என்று சொல்லியிருக்கிறேன்.

போன வைகாசியில் கூத்தாநல்லூர்.
சபுரா பீவியின் வாப்பா
பினாங்கிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் படகு.
கீறல்கூட இல்லை.
சொன்ன விலைக்கு நான் பேரம் பேசவில்லை.
"காசு இருக்கட்டும்.
ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க."
நனைக்கக் கூடாதும்மா என்றேன்.
"அப்ப அது படகில்ல,
நான் விக்கவும் இல்ல."

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி.
ஒன்பது சுற்று. விரல் நடுங்க வைத்தேன்.
நேராகப் போகவில்லை.
இடப்பக்கம் ஒதுங்கி, இன்னும் ஒதுங்கி,
சுவரைத் தொடாமல்
முழு வட்டம் போட்டு
அவர் கைக்கே வந்து நின்றது.

"சுக்கான் வளஞ்சிருக்கு,
குறடு வச்சு நிமித்திடலாம்."
"வளஞ்சது இல்ல, நான் வளச்சது.
பின்னாடி வெண்ணாறு ஓடுது.
நேராப் போனா
திரும்பி வருமா?"

அன்று ராத்திரி டின்களையெல்லாம் திறந்து
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒன்று இடம், ஒன்று வலம்,
ஒன்றில் பல் பதிந்த தடம்.
எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ,
யாரும் சொல்லித்தராமல்
ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.
நான் அதைப் பழுது என்று
நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.
மூன்றை நிமிர்த்தியும் விட்டேன்.

பச்சைப் படகைக் கடைசியாக எடுத்தேன்.
சுக்கான் நேர்.
நூல் பிடித்தாற்போல் நேர்.
இதில் என் குறடு பட்டதே இல்லை.

தென்பெரம்பூருக்கும் இங்கேயும் நடுவில்
ஏதோ ஒரு படித்துறை.
வளைக்க மறந்துபோய் விட்டதா அந்தப் பிள்ளை,
வர வேண்டாம் என்றே விட்டதா?
அந்த வீட்டில் எங்காவது,
ஊசி நூல் டப்பாவிலோ அரிசி அலமாரியிலோ
படகில்லாத சாவி ஒன்று கிடக்கும்.
என்னிடம் உள்ள சாவிகளில்
ஒன்றும் இதற்குச் சேரவில்லை.

ஆனியில் தண்ணீர் வந்தது.
போனில் ஏ.இ. சொல்கிறார்,
கோரையாத்துல ரெண்டடி தூக்கு.
நூற்று இருபத்தெட்டு சுற்று.
எண்ணி முடித்து எட்டிப் பார்த்தால்
நுரைக்கு முன்னால் குப்பை வருகிறது.
அலக்கை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன்.
சாவி மிதக்காது,
தெரியும்.